ஷெஹாதாவின் பிடிவாதம்

அந்தக் குளிர்காலத்தில் புருல்லுஸ் ஏரியில் மடவை மீன் கொட்டிக் கிடந்தது. வடக்கே கடல் பொங்கி, வாய்க்கால் வழியாக ஏறி, ஏரித் தண்ணீர் உப்புக் கரித்ததும் மீன் கூட்டங்கூட்டமாக நாணல் ஓரத்தில் வந்து ஒதுங்கியது. எங்கள் ஊரில் படகு உள்ளவர்களும் இல்லாதவர்களும் மழையைப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கினார்கள். கரையெல்லாம் செதில். பெண்கள் வாசலிலேயே மீனைப் பிளந்து, உப்பைத் திணித்துத் தகர டின்களில் அடுக்கினார்கள். விரல் வெடிப்பில் உப்பு இறங்கி எரிய, அந்த எரிச்சலோடேயே பேசிச் சிரித்தார்கள்.

ஷெஹாதா மட்டும் இறங்கவில்லை. ஐஸ் கிடங்குக்குப் பின்னால் காற்று படாத இடத்தில் உட்கார்ந்து, கிழிந்த வலைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஏரியில் அவரைப்போல் படகுக்குக் கழி ஊன்றுகிறவர் கிடையாது. அறுபதை நெருங்கியும் தோள் இறங்காத உடம்பு. ஆனால் அவர் போட்டிருந்த ஜலாபியா என்ற நீண்ட அங்கிக்குள்ளே ஒரு ரப்பர் குழாய் இருந்தது. அது முடிகிற இடத்தில், கெண்டைக்காலோடு சேர்த்துத் துணிக் கிழிசலால் கட்டிய ஒரு பை இருந்தது. கோடையில் ஒரு நாள் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்டு, வயிறு கல்லாகி, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது போட்ட குழாய். உள்ளே சதை வீங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் குழாயை எடுத்துவிடலாம், சீக்கிரமே கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். கோடை போய்க் குளிரும் வந்துவிட்டது.

ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் மனைவி இன்ஷிராஹ், "கல்லு" என்று சொல்லி வைத்திருந்தாள். கல் என்றால் மரியாதையான நோய். மற்றதைச் சொன்னால் ஆண்கள் கேட்டுவிட்டுத் தலையைத் திருப்பிச் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். பள்ளிவாசலுக்குப் போவதையும் ஷெஹாதா நிறுத்திவிட்டார். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, வந்து தொழலாம் என்று இமாம் வீடு தேடி வந்து சொன்னார். "சலுகை அல்லாஹ்கிட்ட இருக்கு. பக்கத்துல நிக்கிறவன் மூக்குல இருக்கா?" என்று இவர் கேட்டுவிட்டார். இமாம் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் அதைவிடக் கொடுமை. மினிபஸ்ஸில் கடைசி மூலையில் உட்கார்ந்து, அந்தக் குளிரிலும் கண்ணாடியைத் திறந்து வைப்பார். "மூடுய்யா, புள்ளைக்குச் சளி பிடிக்குது" என்று முன்னால் யாராவது கத்துவார்கள். அவர் மூடமாட்டார். காரணத்தையும் சொல்லமாட்டார். திட்டு வாங்கிக்கொண்டே வருவார். பக்கத்தில் இன்ஷிராஹ் ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் கட்டிய மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, சண்டைக்குப் போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

அவள் சண்டையெல்லாம் ஆஸ்பத்திரி ஜன்னலுக்காகக் காத்திருந்தது.

"யாரு வரச் சொன்னது?" என்பாள் ஜன்னலுக்குள் இருக்கும் நர்ஸ்.

"ஒரு இளவயசு டாக்டரு. கண்ணாடி போட்டிருப்பாரு."

"இங்க எல்லாரும் இளவயசுதான். எல்லாரும் கண்ணாடிதான்."

"போன தடவை இவர பார்த்தவரு, தங்கச்சி."

"அவரு வேற பிரிவுக்கு மாறிட்டாரு. சனிக்கிழமை வாங்க."

"போன சனிக்கிழமையும் இதையேதான் சொன்ன."

"நான் சொல்லல. போன சனிக்கிழமை நான் லீவு."

ஒரு தடவை ரத்தப் பரிசோதனை பழசாகிவிட்டது, மறுபடி எடுத்து வா என்றார்கள். ஒரு தடவை மயக்க மருந்து டாக்டர் மாநாட்டுக்குப் போயிருந்தார். இன்னொரு தடவை ஆபரேஷன் உடுப்பு மாட்டி, தள்ளுவண்டியில் படுக்க வைத்து, நடைவழியில் மத்தியானம் வரைக்கும் பட்டினி போட்டுவிட்டு, கருவி சுத்தம் செய்கிற இயந்திரம் பழுது என்று இறக்கிவிட்டார்கள். அந்த உடுப்புக்குப் பின்பக்கம் முடிச்சு கிடையாது. ஷெஹாதா ஒரு கையால் பின்பக்கத் துணியையும் ஒரு கையால் பையையும் பிடித்துக்கொண்டு, தன் ஜலாபியா எங்கே என்று ஒவ்வொருவராகக் கேட்டு அலைந்தார். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாருக்கும் அவசரம், அவ்வளவுதான். அவரிடம் நின்று பதில் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை.

அதற்கடுத்த தடவை ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கொடுத்தார்கள். பெண்களை உள்ளே விடமாட்டோம் என்றதால் இன்ஷிராஹ் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் பேராசிரியர் வந்தார். நரைத்த, நல்ல மனிதர்தான். பின்னாலேயே வெள்ளைக் கோட்டு போட்ட மாணவர் கூட்டம். கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"ஹாஜி, சுவரைப் பார்த்து ஒருக்களிச்சுப் படுங்க. முழங்காலை மடக்குங்க. துணிய மேல தூக்குங்க" என்றார் பேராசிரியர். பிறகு மாணவர்களிடம் திரும்பி, "நல்ல கேஸ். வீக்கம் விரலுக்கு நல்லாத் தட்டுப்படும். கையுறை போட்டுக்கிட்டு ஒவ்வொருத்தரா வாங்க."

முதல் மாணவன் வந்தான். ஷெஹாதா சுவரில் உரிந்திருந்த சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாமவன் வந்தான். வலியைவிட, பின்னால் நடக்கிற பேச்சுதான் பொறுக்கவில்லை. பெரிசா இருக்கு, வழுவழுன்னு இருக்கு என்று தேங்காய் வாங்குகிறவர்களைப்போல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆள் கையுறை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் யாராவது துணியை இழுத்துவிட மாட்டார்களா என்று தலையைத் திருப்பினார். கட்டிலின் கால்மாட்டில் நிஹால் நின்றுகொண்டிருந்தாள்.

நிஹால், மெத்வல்லியின் மகள். மெத்வல்லியும் ஷெஹாதாவும் மீசை முளைக்காத காலத்திலிருந்து ஒரே படகு. ஏரி ஏறி சந்தெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்ற ஒரு வருஷம் நிஹாலைப் பரீட்சைக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் ஷெஹாதா. எங்கள் கரையிலிருந்து மருத்துவம் படிக்கப் போன முதல் பெண் அவள்.

"நிஹால் மவளே," என்றார் அவர், வாய் தானாகத் திறந்து. "அந்தத் துணிய கொஞ்சம் இழுத்து விடேன்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு மாணவி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். அதற்கு மேல் அவள் கண்கள் சிரித்தன.

"உனக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டார் பேராசிரியர்.

நிஹால் தன் கோட்டை இழுத்துச் சரிசெய்தாள். "இல்ல சார். தெரியாது."

"பேரு சொல்லிக் கூப்பிட்டாரே?"

"என் கோட்டுல பேரு இருக்கு சார்."

ஷெஹாதாவுக்கு ஓரெழுத்து படிக்கத் தெரியாது. பேராசிரியர் அவரைப் பார்த்தார்.

"ஆமா ஐயா," என்றார் ஷெஹாதா. "கோட்டுலதான் பார்த்தேன்."

மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மிச்சமிருந்தவர்களும் பார்த்து முடித்தார்கள். அதில் நிஹாலும் உண்டா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனதும் எழுந்து, பையைக் காலோடு இறுக்கிக் கட்டி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வார்டை விட்டு வெளியே வந்தார்.

மாடிப்படியில் இன்ஷிராஹ் எழுந்து நின்றாள். "என்ன சொன்னாங்க?"

"மறுபடி வரச் சொல்லிட்டாங்க."

"எப்ப?"

"சொல்லல."

"இப்பவே போய்க் கேக்குறேன். இவனுங்க வீட்டுல ஆம்பளைங்களே கிடையாதா? அவனுங்களுக்கெல்லாம் மூத்திரம் வராதா?"

"வா, போவோம்," என்றார். அந்தக் குரலைக் கேட்டு அவள் மூட்டையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். மினிபஸ்ஸில் அன்றைக்கு அவர் கண்ணாடியைத் திறக்கவில்லை. யார் என்ன நினைத்தாலும் இனி என்ன என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு அவரை அசைக்க முடியவில்லை. குழாயை மாற்ற வேண்டிய கெடு வந்து போனது. பை சிவப்பும் மஞ்சளுமாகக் கலங்கியது. இன்ஷிராஹ் கெஞ்சினாள், திட்டினாள், சோறு பொங்காமல் கிடந்தாள்.

"கத்திக்குப் பயந்துட்டியா?"

"ஆமா. பயம்."

"ஏரியில புயலுக்குப் பயப்படாத மனுசன்."

"ஏரியில துணியோட இருக்கலாம்," என்றார். அவளுக்கு அது விளங்கவில்லை.

சாயங்காலங்களில் மெத்வல்லி வருவான். ஈர உடுப்போடு அடுப்புப் பக்கத்தில் குந்தி, சர்க்கரை தூக்கலாகப் போட்ட கறுப்புத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே அன்றைய வலையைப் பற்றிச் சொல்வான். ஷெஹாதாவின் பங்கு மீனை மறக்காமல் கொண்டுவந்து போடுவான்.

"வேணாம்டா, நான் இறங்காத வலை," என்பார் ஷெஹாதா.

"வலை யாரு சரி பண்ணுனது? உன் மாமனாரா? வாங்கிக்க. உன்னை மாதிரி கழி ஊன்ற ஆள் இல்லாம, உனக்குப் பதிலா வர்ற பய என்னை நாணலுக்குள்ளயே கொண்டுபோய்ச் சொருகுறான். சீக்கிரம் அறுத்துக்கிட்டு வந்து சேரு." பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு, "நிஹால் அந்த ஆஸ்பத்திரியிலதான இருக்கா. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா? அவ சொன்னா நடக்கும்ல?"

"வேணாம்," என்றார் ஷெஹாதா. "படிக்கிற புள்ள. தொந்தரவு பண்ணாத."

இன்ஷிராஹ் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை நிஹால் ஊருக்கு வந்தபோது நேரே மெத்வல்லி வீட்டுக்குப் போனாள். மெத்வல்லியின் மனைவி வெங்காயத்தைக் கருக வறுத்துச் சோற்றில் கொட்டிக்கொண்டிருந்தாள். நிஹால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இன்ஷிராஹ்வைக் கண்டதும் கையிலிருந்த பூண்டு கீழே விழுந்தது.

"மவளே, உங்க சாச்சாவுக்கு ஒரு வழி பண்ணு. நீ கோட்டு போட்டுக்கிட்டு அந்த ஜன்னல்கிட்ட நின்னாப் போதும். நாங்க கேட்டா நாயை விரட்டுற மாதிரி விரட்டுறாங்க."

நிஹால் தலையைக் குனிந்தபடி, "நான் வெறும் மாணவி சாச்சி. என் பேச்ச யாரும் கேக்கமாட்டாங்க," என்றாள்.

"கேட்டுப் பார்த்தியா?"

அவள் கீழே விழுந்த பூண்டைப் பொறுக்கினாள்.

"அவரு வார்டுல இருந்தப்ப ஒரு எட்டு வந்து பார்த்திருக்கலாமே?"

நிஹால் எழுந்து உள்ளே போய்விட்டாள். இன்ஷிராஹ் அங்கேயே நின்று அவள் தாயிடம், "கோட்டு போட்டதும் கரை மறந்துபோச்சு உம் மவளுக்கு. மீன் நாத்தம் ஆகமாட்டேங்குது," என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் சந்தில் இரண்டு பெண்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மெத்வல்லி மீனை யாரோ ஒருவன் கையில் கொடுத்து அனுப்பினான்.

"என்ன சொன்ன அங்க?" என்று கேட்டார் ஷெஹாதா.

"உள்ளதச் சொன்னேன்."

"அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாத." அன்று முழுக்க வலைக்குள் ஊசியைக் கோத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

காய்ச்சல் திடீரென்று வந்தது. காலையில் நடுக்கம், கட்டில் ஆடுகிற நடுக்கம். குழாய் அடைத்துவிட்டது. நண்பகலுக்குள் யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் பேச ஆரம்பித்தார். இன்ஷிராஹ் வெளியே ஓடி முதலில் தட்டியது மெத்வல்லியின் கதவைத்தான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. மீன் ஏற்றுகிற வண்டியில் வைக்கோலைப் பரப்பி, ஷெஹாதாவைக் கைக்குழந்தைபோலத் தூக்கிக் கிடத்தினான். மழையில் தார்ப்பாயை அவர் மேல் பிடித்தபடி நகரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தான். வழியெல்லாம் ஷெஹாதா ஒன்றையே முனகிக்கொண்டு வந்தார்: "கோட்டுலதான் பார்த்தேன் ஐயா. கோட்டுலதான்."

"என்னடா கோட்டு?" என்று குனிந்து கேட்டான் மெத்வல்லி. "குளிருதா?"

அவசரப் பிரிவில் அன்றைக்கு உடனே எடுத்துக்கொண்டார்கள். சாகிற நிலையில் வந்தால் அந்த ஆஸ்பத்திரியில் வரிசை கிடையாது. மெத்வல்லி மகளுக்குப் போன் போட்டான். பிறகு மருந்து வாங்க வெளியே ஓடினான். நிஹால் வந்தபோது நடைவழியில் இன்ஷிராஹ் தனியாக இருந்தாள். தரையில் உட்கார்ந்து, ஷெஹாதாவின் ஈர ஜலாபியாவை மடியில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"சாச்சி," என்று நிஹால் பக்கத்தில் குந்தினாள். "ஒண்ணு சொல்லணும்."

"இப்ப என்ன சொல்லப் போற?"

"அன்னைக்கு வார்டுல நானும் இருந்தேன். அவரைச் சுத்தி நின்னவங்கள்ல நானும் ஒருத்தி. என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டாரு. துணிய இழுத்து விடச் சொன்னாரு." அவள் தரையைப் பார்த்தாள். "தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

இன்ஷிராஹ் பிழிவதை நிறுத்தினாள்.

"எல்லாரும் பார்த்தாங்க சாச்சி. அந்த வாடை… நான் எங்கேருந்து வந்தேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடும்னு… அவரும் ஆமா கோட்டுல பார்த்தேன்னு எனக்காகச் சொன்னாரு. அதுக்கப்புறம் அவர நிமிந்து பார்க்க முடியல. இங்க வார்டுக்கும் வரல, அங்க உங்க வீட்டுக்கும் வரல."

இன்ஷிராஹ் ஜலாபியாவைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கையை ஓங்கத் தோன்றியது. ஓங்கவும் செய்தாள். பிறகு அந்தக் கை தானாக இறங்கித் தன் வாயைப் பொத்திக்கொண்டது. "ஏரியில துணியோட இருக்கலாம்னாரு," என்றாள் விரல்களுக்குள். "எனக்கு விளங்கல. கத்திக்குப் பயந்தவர்னு தினமும் ஏசினேனே." பிறகு அவளைப் பார்க்காமலேயே, "உங்க வாப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது. சொல்லிடவா?"

"அது உன்னோட பாடு. நான் சொல்லமாட்டேன். அவர் சொல்லாதத நான் எப்படிச் சொல்ல?"

காய்ச்சல் மெல்ல இறங்கியது. ஷெஹாதாவை மறுபடி ஆண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். நிஹால் நர்ஸின் ஜன்னலில் போய் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். கோட்டைப் பார்த்து அந்த நர்ஸ் கொஞ்சம் மரியாதையாகப் பேசினாள். அதே சனிக்கிழமையைத்தான் சொன்னாள். இளம் டாக்டர்களைத் தேடித் தேடி நிஹால் ஆபரேஷனுக்கு ஒரு நாள் வாங்கினாள். இதையெல்லாம் வார்டுக்கு வெளியில் நின்றே செய்தாள். உள்ளே போகத் துணிவு வரவில்லை.

ஆனால் பேராசிரியர் சுற்றி வரும் நாள் வந்தது. கூட்டத்தோடு அவளும் உள்ளே போகவேண்டியிருந்தது. ஜன்னலோரத்தில், அன்றைக்குப்போலவே, எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஷெஹாதா போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

"இந்தக் கேஸை யாரு சொல்றீங்க?"

நிஹால் முன்னால் வந்தாள். "நான் சொல்றேன் சார். இவரு பேரு ஷெஹாதா. எங்க ஊர்க்காரரு. எங்க வாப்பாவோட ஒரே படகுல போறவரு. எனக்குச் சாச்சா." பேராசிரியரை நிமிர்ந்து பார்த்தாள். "போன தடவை எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன் சார். அது பொய்."

பின்னால் யாரோ அசைந்தார்கள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. நோயைச் சொல்லு."

"கோடையிலேருந்து குழாயோட இருக்காரு. வந்த ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பியிருக்கோம். போன தடவை நம்ம பரிசோதனை முடிஞ்சதும் எழுந்து போயிட்டாரு. யாரும் தேடல."

"அது நோய் இல்லம்மா."

"தெரியும் சார்."

பேராசிரியர் கட்டிலருகே குனிந்தார். பிறகு குரலை இறக்கி, "ஹாஜி, ஆபரேஷனுக்கு முந்தி ஒரு தடவை பார்க்கணும். பசங்களும் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். அத்தனை மாதத்தில் அவரிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஷெஹாதா கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பார்க்கட்டும் ஐயா. படிக்கிற புள்ளைங்க. எங்கேயாவது படிச்சுத்தான ஆகணும். அந்தப் பொண்ணு மட்டும் வெளிய போகட்டும்."

"அவளும் டாக்டராகப் போறவதான். மருத்துவத்துல வெக்கம் கிடையாது."

"உங்களுக்கு இல்ல ஐயா. எனக்கு இருக்கு. நான் இனிமேலும் அந்த ஊர்ல இருக்கணும்."

பேராசிரியர் நிஹாலைப் பார்த்தார். "போனா இன்னைக்கு நீ வரலைன்னுதான் கணக்கு."

"சரி சார்," என்று அவள் வெளியே போனாள். கதவை அவளே சாத்தினாள். நடைவழித் தரையில் இன்ஷிராஹ் உட்கார்ந்திருந்தாள். அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, மூட்டையை நகர்த்தி இடம் கொடுத்தாள். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்தபடி மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சொன்ன நாளில் ஆபரேஷன் நடக்கவில்லை. அன்றைக்கும் ஏதோ ஒரு இயந்திரம் பழுது. இன்ஷிராஹ் போட்ட சத்தம் அந்த மாடி முழுக்கக் கேட்டது. அடுத்த வாரம் நடந்தது. குழாயை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று ஷெஹாதா வெகுநேரம் குளித்தார்; வெந்நீர் தீரத் தீர இன்ஷிராஹ் கொண்டுவந்து ஊற்றினாள்.

பனி விலகி, பயிர்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற காலத்தில் அவர் படகில் ஏறினார். மெத்வல்லி வலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். காற்று லேசாக இருந்தது. நாணலில் நீர்க்கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. ஷெஹாதா பின்முனையில் நின்று கழியைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தார். கை இன்னும் பழைய கையாகவில்லை.

"எல்லாம் நிஹால் பார்த்துக்கிட்டாளாமே?" என்றான் மெத்வல்லி. மறைக்கப் பார்த்தாலும் பெருமை குரலில் வழிந்தது. "அவகிட்ட கேட்டா ஒரு வார்த்தை சொல்லமாட்டேங்குறா. உன் பேரை எடுத்தாலே எழுந்து போயிடுறா. உன் பொண்டாட்டி பேசுனதுல மனசு நொந்திருக்கும்."

"இருக்கும்."

"அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி. அத்தனை ஜனம். உன்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சுக்கிட்டாளா?"

ஷெஹாதா கழியை ஏரிச் சேற்றில் ஊன்றி, நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினார். படகு நகர்ந்தது.

"பார்த்த உடனே," என்றார். "பார்த்த உடனே தெரிஞ்சுக்கிட்டா."